சடையைப் பிடித்து இழுத்தவனே மணமகனான கதை தெரியுமா?

வகுப்பில் அத்தனை பிள்ளைகள் முன்னால் ஒரு சிறுமி தன் சிலேட்டை ஓங்கி ஒரு பையனின் தலையில் போடுகிறாள். சிலேட்டு படாரென்று இரண்டாகிறது. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு காதல் கதை இந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது, தெரியுமா?

அவள் ஆன் ஷெர்லி. பெற்றோரை இழந்தவள், 11 வயது, சிவப்புத் தலைமுடி. அவன் கில்பர்ட் பிளைத். அவள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்தச் சிவப்புச் சடையின் நுனியைப் பிடித்து, “கேரட்” என்று கூப்பிட்டுவிட்டான். அவ்வளவுதான்! லூசி மாட் மாண்ட்கோமரி எழுதிய ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நாவலில், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கும் காட்சி இது. அந்தக் கையெழுத்துப் பிரதியை ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மாண்ட்கோமரி அதை ஒரு தொப்பிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டார். பிறகு எப்போதோ பெட்டியைத் திறந்தவர், எடுத்துப் படித்து, மறுபடி அனுப்பிப் பார்க்கலாம் என்று அனுப்பினார். 1908-இல் பாஸ்டனில் புத்தகம் வெளிவந்தது. அந்தப் பெட்டி திறக்கப்படாமலே போயிருந்தால்? நினைக்கவே மனம் பதைக்கிறது.

சிலேட்டு உடைந்த பிறகு ஆன் அவனோடு எத்தனை நாள் பேசவில்லை தெரியுமா? நாள் கணக்கு அல்ல, 5 ஆண்டுகள்! நடுவில் ஒரு தடவை அவள் ஏறியிருந்த படகு ஓட்டையாகி மூழ்க, பாலத்தின் தூணைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்து காப்பாற்றுகிறவன் அவனேதான். “இனி நண்பர்களாக இருப்போமே” என்கிறான். ஒரு கணம் அவள் மனம் இளகுகிறது. அந்த “கேரட்” நினைவுக்கு வர, மாட்டேன் என்று விறுவிறுவென்று போய்விடுகிறாள். போன பிறகு வருந்துகிறாள். வருந்தினாலும் வாய் திறக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் படிக்கும்போது நம் கை பரபரக்கிறது, புத்தகத்துக்குள் புகுந்து இருவர் கையையும் சேர்த்து வைக்க!

கதையின் கடைசியில் கில்பர்ட் செய்கிற காரியத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். வளர்த்தவர்களில் ஒருவரான மாத்யூ இறந்துவிட்டார். இன்னொருவரான மரில்லாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. ஆன் அவரை விட்டு வெளியூர் போக முடியாது. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் வேலையோ கில்பர்ட்டுக்குக் கிடைத்துவிட்டது. அவன் சத்தமில்லாமல் அதை விட்டுக்கொடுத்துவிட்டுத் தூரத்து ஊருக்கு வேலைக்குப் போகிறான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரார் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. காதல் என்ற சொல்லே அங்கு வருவதில்லை. ஆனாலும் வாசகர்கள் அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. “இன்னும் எழுதுங்கள்” என்று உலகெங்குமிருந்து பெண்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1915-இல் வந்த மூன்றாம் நாவலை, மேலும் கேட்ட அந்தப் பெண்களுக்கே மாண்ட்கோமரி காணிக்கையாக்கினார். அதில்தான் கில்பர்ட் டைபாய்டில் கிடக்கிறான் என்ற செய்தி வருகிறது. பிழைப்பானா மாட்டானா என்று தெரியாமல் ஜன்னலோரம் விழித்திருக்கும் ஓர் இரவில், ஆனுக்குத் தன் மனம் தெரிகிறது. சிலேட்டில் ஆரம்பித்து அந்த ஜன்னல்வரை வர, அவளுக்கு மூன்று புத்தகங்கள் தேவைப்பட்டன!

இங்கே பெண் பையனை அடித்தாள். வங்காளத்தில் நேர்மாறு! சரத்சந்திரரின் ‘தேவதாஸ்’ நாவலில் தேவதாஸும் பார்வதியும் ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், ஒரே பாடசாலை. வளர்ந்த பிறகு, பார்வதிக்கு வேறிடத்தில் திருமணம் நிச்சயமான நேரம், நீர்க்கரையில் தேவதாஸ் தூண்டில் கழியால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்கிவிடுகிறான். சரத்சந்திரர் இதை எழுதியபோது இருபது வயதை ஒட்டிய இளைஞர். அச்சில் வந்தது 1917-இல். தமிழ்நாட்டில் தேவதாஸ் என்றால் கையில் கோப்பையும் கன்னத்தில் தாடியும்தான் நினைவுக்கு வரும். எனக்கு அந்தத் தழும்புதான் நினைவுக்கு வரும். கில்பர்ட் வாங்கிய அடி 5 ஆண்டில் ஆறிவிட்டது. பார்வதி வாங்கிய அடி ஆறவே இல்லை. அடித்தது யார் என்பது முக்கியமல்ல. அடிக்குப் பிறகு ஒருவர் மற்றவருக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்பதில்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

இப்போது ஓர் அதிசயம் சொல்கிறேன், கேளுங்கள். ஒன்றாகவே வளர்ந்தால் காதல் வராதாம்! பின்லாந்து அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க் 1891-இலேயே இப்படிச் சொல்லிவிட்டார். பச்சிளம் வயதிலிருந்து ஒரே கூரையின் கீழ் வளர்கிறவர்களுக்கு வளர்ந்த பின் ஒருவர்மேல் ஒருவருக்கு ஈர்ப்பு தோன்றுவதில்லை என்பது அவர் கருத்து. இதைச் சோதிக்கத் தோதான இடம் இஸ்ரேலில் கிடைத்தது. அங்கே கிப்புட்ஸ் என்னும் கூட்டுப்பண்ணைகளில் அந்நாளில் பிள்ளைகள் பெற்றோருடன் உறங்கியதில்லை. ஒரே வயதுப் பிள்ளைகளுக்கென்று தனி வீடு. அங்கேயே சாப்பாடு, குளியல், தூக்கம். இப்படி வளர்ந்தவர்களின் 2,769 திருமணங்களை ஜோசப் ஷெஃபர் ஆராய்ந்தார். ஒரே குழுவில் இருந்தவர்கள் மணந்துகொண்டது எத்தனை தெரியுமா? வெறும் 14! அந்த 14-லும், பிறந்ததிலிருந்து 6 வயதுவரை பிரியாமல் ஒன்றாக இருந்த ஜோடி ஒன்றுகூட இல்லை!

தைவானில் இன்னும் நெஞ்சைத் தொடும் சான்று இருக்கிறது. முன்பு அங்கே ஏழைக் குடும்பத்துப் பெண்குழந்தையைக் கைக்குழந்தையாகவே வாங்கிவந்து, பிற்காலத்தில் மகனுக்கு மணமுடிக்க என்று அவனோடே வளர்ப்பார்கள். ‘சிம்புவா’ என்று பெயர். சின்ன மருமகள் என்று பொருள். மானிடவியலர் ஆர்தர் உல்ஃப் இந்தக் குடும்பங்களைப் பல்லாண்டு ஆராய்ந்தார். மற்ற தம்பதியரைவிட இவர்களுக்குப் பிள்ளைகள் குறைவு, மணமுறிவு அதிகம். அண்ணன் தங்கை போல வளர்ந்தவர்களைத் திடீரென்று கணவன் மனைவி என்றால் மனம் எப்படி ஏற்கும்! இந்த முடிவுகளைப் பற்றி அறிஞர்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனாலும் இதைப் படித்த நாளிலிருந்து நான் எந்தப் பால்யகாலக் காதல் கதையை எடுத்தாலும் ஒன்றைத் தேடுகிறேன்: இவர்கள் நடுவில் பிரிவு எங்கே வருகிறது? நம்பமாட்டீர்கள், கிட்டத்தட்ட எல்லாக் கதையிலும் இருக்கிறது! ஆன் அந்தத் தீவுக்கு வந்ததே 11 வயதில்தான். அப்புறம் 5 ஆண்டு மௌனம். கதைகாரர்களுக்கு ஆய்வுக்கூடம் இல்லை, கணக்கெடுப்பு இல்லை. ஆனால் தெரிந்திருக்கிறது! பழகிய முகம் ஒருமுறை அந்நியமாகிப் போய், மறுபடி புதிதாகத் தெரிந்தால்தான் அது காதல்.

சார்லஸ் டிக்கன்ஸ் தன் நாவல்களிலேயே மிகவும் விரும்பியது ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’. அதில் ஆக்னஸ் வீட்டில் தங்கித்தான் சிறுவன் டேவிட் பள்ளிக்குப் போகிறான். தங்கையாகவே நினைக்கிறான். டோராவைக் காதலித்து மணந்துகொண்டது முதற்கொண்டு எல்லாவற்றையும் ஆக்னஸிடமே வந்து சொல்கிறான். அவள் எதையும் வெளிக்காட்டாமல் கேட்டுக்கொள்கிறாள். டோரா நோயில் இறந்துபோக, டேவிட் 3 ஆண்டுகள் ஐரோப்பாவில் அலைந்து திரும்பிய பிறகுதான் அவன் கண் திறக்கிறது. அந்த 3 ஆண்டும் இல்லையென்றால் அவன் கடைசிவரை அவளைத் தங்கை என்றே அழைத்திருப்பான்!

சீன மொழியில் இந்த உறவுக்கென்றே நான்கு எழுத்தில் ஒரு மரபுத்தொடர் இருக்கிறது, தெரியுமா? ‘பச்சைப் பிளம், மூங்கில் குதிரை’! நம் பையன்கள் நுங்கு வண்டி உருட்டுவதுபோல அங்கே ஒரு மூங்கில் கழியைக் காலிடுக்கில் வைத்துக் குதிரை ஓட்டுவார்கள். 8-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லி பாய் எழுதிய கவிதை ஒன்றிலிருந்து வந்த தொடர் இது. நான்ஜிங் பக்கத்துச் சாங்கான் ஊரில் அவள் வாசலில் பூப்பறித்து விளையாடுகிறாள். மூங்கில் குதிரையில் அவன் வந்து சேர்கிறான். 14 வயதில் கல்யாணம். கூச்சத்தில் அவள் சுவரைப் பார்த்துத் தலைகுனிந்தே நிற்கிறாள். நேற்றுவரை சேர்ந்து விளையாடியவன்தானே! அவன் மாறிவிட்டானா, அவள் மாறிவிட்டாளா? 16 வயதில் அவன் யாங்சி ஆற்றுவழியே வியாபாரத்துக்குப் போய்விடுகிறான், அவள் காத்திருக்கிறாள். அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1915-இல் இதை ஆங்கிலத்தில் எழுத, கடல்தாண்டியும் அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஜப்பானுக்கு வாருங்கள், இங்கேதான் நான் நெடுநேரம் நிற்பேன். ‘இஸே மோனோகதாரி’ ஆயிரம் ஆண்டுக்கும் முந்தைய கதைத் தொகுப்பு. அதில் 23-ஆவது கதை ஒரு கிணற்றடியில் தொடங்குகிறது. ஒரு பையனும் பெண்ணும் கிணற்றின் சுற்றுக்கட்டையை ஒட்டி நின்று யார் உயரம் என்று அளந்து பார்த்து விளையாடுவார்கள். வளர்ந்ததும் வெட்கம் வந்து ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் அவள் பெற்றோர் பார்க்கிற மாப்பிள்ளைகளை எல்லாம் மறுத்துவிடுகிறாள். ஒருநாள் அவனிடமிருந்து கவிதை வருகிறது: கிணற்றில் அளந்த என் உயரம் உன்னைக் காணாத நாளில் அதைத் தாண்டிவிட்டது என்ற பொருளில். அவள் தன் கூந்தலைச் சொல்லிப் பதில் எழுதுகிறாள். அப்படியே கல்யாணம்.

பிறகு அவன் வேறொருத்தியைத் தேடி இரவில் மலை தாண்டிப் போக ஆரம்பிக்கிறான். மனைவி கோபப்படாமல் வழியனுப்புகிறாள். அவனுக்குச் சந்தேகம்: இவளுக்கும் வேறு யாரோ இருக்கிறார்களோ? போவதுபோல் போய்த் தோட்டத்துச் செடிகளுக்குள் ஒளிந்து பார்க்கிறான். அவள் நன்றாக அலங்கரித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்து, நள்ளிரவில் தனியே மலை ஏறுகிறாரே என்று அவனுக்காகக் கவலைப்பட்டுப் பாடுகிறாள். அதோடு அவன் அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான்!

இது முடிவில்லை! அந்தக் கதைக்குப் பல நூற்றாண்டு கழித்து நோ நாடக மேதை ஸேயாமி அதே கிணற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். நாடகத்தின் பெயர் ‘இஸுட்ஸு’. கிணற்றுக் கட்டை என்று பொருள். மேடையில் ஒரு கிணற்றுச் சட்டமும் அதன் மூலையில் ஒரு கொத்து நாணல்புல்லும் மட்டும். மனைவி இப்போது உயிரோடு இல்லை, ஆவியாக வருகிறாள். கணவனின் உடையையும் தொப்பியையும் தானே அணிந்து ஆடுகிறாள். ஆடி முடித்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறாள். தண்ணீரில் தெரிவது அவள் முகமில்லை, அவன் முகம்! சிறுவயதில் இரண்டு முகங்கள் சேர்ந்து எட்டிப்பார்த்த அதே தண்ணீர்! காதலைப் பற்றி மேடையில் இதைவிடக் குறைவான பொருள்களைக் கொண்டு இதைவிட அதிகமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அந்த உயரம் அளக்கும் விளையாட்டையே தன் குறுநாவலுக்குத் தலைப்பாக வைத்தவர் ஹிகுச்சி இச்சியோ. ‘தகேகுராபே’ 1895-இல் இதழில் வர ஆரம்பித்தது. டோக்கியோவின் யோஷிவாரா பகுதியில் வளரும் மிதோரி. கோயில் குருவின் மகன் நோபு. மழையில் அவள் வீட்டு வாசலில் அவன் செருப்பு வார் அறுந்துவிடுகிறது. கட்டிக்கொள்ள ஒரு சிவப்புத் துணித்துண்டை அவள் வெளியே எறிகிறாள். அவனுக்கு எடுக்கத் துணிவில்லை. அந்தத் துணி மழையில் நனைந்து கிடக்கிறது. கடைசியில் ஒரு காலை அவள் வாசல் கதவில் ஒரு காகிதப் பூ செருகியிருக்கிறது. வைத்தது யாரென்று தெரியாது. அதற்கு மறுநாள்தான் நோபு துறவியாகப் படிக்கக் கிளம்பினான் என்று பின்னால் காதில் விழுகிறது. இதை எழுதிய இச்சியோ 1896-இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு வயது 24. வறுமையில் வாழ்ந்த அந்தப் பெண்ணின் முகத்தை 2004-இல் ஜப்பான் தன் 5,000 யென் நோட்டில் அச்சிட்டது!

கிரேக்கத்தில் இன்னொரு விந்தை. லெஸ்போஸ் தீவில் ஆடு பாலூட்டி வளர்த்த பையன் டாஃப்னிஸ், செம்மறி பாலூட்டி வளர்த்த பெண் குளோயி. சேர்ந்து மேய்க்கிறார்கள், சேர்ந்து வளர்கிறார்கள். தங்களுக்குள் மூண்டிருக்கும் தவிப்புக்குப் பெயர் என்ன என்றே இருவருக்கும் தெரியாது! லாங்கஸ் எழுதிய இந்தப் பழங்கதையில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காணாமல் இருந்தது. பிரெஞ்சு அறிஞர் பால் லூயி கூரியே அதை ஃபுளோரன்ஸ் நகர நூலகச் சுவடி ஒன்றில் கண்டுபிடித்து, 1809-இல் பிரதி எடுத்தார். எடுத்த கையோடு அதே பக்கத்தில் மைகொட்டிவிட்டது! வேண்டுமென்றே செய்தார் என்று நூலகர் குற்றம் சாட்ட, பெரிய சண்டையே மூண்டது. முதன்முதலாக இரண்டு பேர் காதலை உணரும் பக்கங்களின் மேல் ஒரு மைக்கறை!

சேர்த்துவைக்க மறுத்தவரும் உண்டு. ‘லிட்டில் விமன்’ முதல் பாகம் 1868-இல் வந்ததும், பக்கத்து வீட்டு லாரிக்கே நாயகி ஜோவைக் கட்டிக்கொடுங்கள் என்று சிறுமிகள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள். லூயிசா மே ஆல்காட் மசியவில்லை. யாரையும் திருப்திப்படுத்த அப்படிச் செய்யமாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஜோ லாரியை மறுக்கிறாள். நண்பனாக இருந்தவன் நண்பனாகவே இருக்கட்டும் என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு உரிமை உண்டு என்பதை 1869-இலேயே எழுதிவிட்டார்! எனக்கு அந்த வயதில் கோபம் வந்தது. இப்போது ஆல்காட்டின் பக்கம்தான் நிற்கிறேன்.

கடவுள் நம்பிக்கையும் காதலும் கைகோத்து நடக்கும் நாவல்களுக்கு வட அமெரிக்காவில் தனி உலகமே இருக்கிறது, தெரியுமா? கனடாக்காரரான ஜேனட் ஓக் 1979-இல் எழுதிய ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’ அதற்கு வாசல் திறந்தது. காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லெக்வின் நிறுவனமே 1997-இல் ‘லவ் இன்ஸ்பயர்ட்’ என்று இதற்கென ஒரு வரிசை தொடங்கியது. படுக்கையறைக் காட்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கதை எது? ஊரைவிட்டுப் போனவன் பல ஆண்டு கழித்துத் திரும்புகிறான். சிறுவயதுத் தோழி தேவாலய வாசலில் நிற்கிறாள்! இங்கேயும் அதே பிரிவு! இந்த நாவல்களில் மன்னிப்புதான் முத்தத்தைவிடப் பெரிய காட்சி. அதனால்தான் வாசகர்கள் மனபாரத்தோடு எடுத்து மனம் லேசாகி வைக்கிறார்கள்.

அதே 1997-இல் பெவர்லி லூயிஸின் ‘தி ஷன்னிங்’ வந்தது. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதி ஆமிஷ் மக்கள். மின்சாரமும் காரும் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிறவர்கள். இசைக்கருவி அங்கே விலக்கு. நாயகி கேட்டியோ இளம்பருவத்தில் நேசித்த டானியலின் நினைவாகப் பாட்டை விடமுடியாமல் தவிக்கிறாள். கடலில் மூழ்கி இறந்துபோனதாக எல்லோரும் நம்பும் டானியல்! சமூகம் அவளை ஒதுக்குகிறது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடக்கூட முடியாது. எழுத்தாளரின் சொந்தப் பாட்டியே இப்படிப்பட்ட கட்டுப்பாடான சமூகத்தை விட்டு வெளியேறியவர் என்று அறிந்தபின் அந்தச் சாப்பாட்டு மேசைக் காட்சியைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்றா நினைக்கிறீர்கள்? கலித்தொகையில் கபிலர் பாடிய 51-ஆம் பாடலைத் திறந்து பாருங்கள்! தெருவில் நாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைப்பானே, தலையில் சூடிய பூச்சரத்தை அறுப்பானே, பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவானே, அந்தப் போக்கிரிப் பயல் என்று தோழியிடம் தொடங்குகிறாள் தலைவி. வளர்ந்தபின் ஒருநாள் அவனே வந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்கப்போனவளின் கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடிவர, “தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டார்” என்று சட்டென்று சமாளிக்கிறாள்! அம்மா பாவம், அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவனோ இவளைக் கடைக்கண்ணால் கொல்வதுபோல் பார்த்துச் சிரிக்கிறான். அந்த ஒரு பொய்யில்தான் அவள் மனம் அவளுக்கே தெரிகிறது!

குறுந்தொகை 229 இருக்கிறதே, அதை மோதாசனார் பாடினார்; ஏழே அடி. ஊரைவிட்டு உடன்போக்காகச் செல்லும் ஒரு ஜோடியைப் பாலைவழியில் எதிரே வந்தவர்கள் பார்க்கிறார்கள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அட, இவர்களா! சின்ன வயதில் இவன் அவள் கூந்தலைப் பிடித்து இழுப்பான், அவள் இவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள், செவிலித்தாயர் விலக்கிவிட்டாலும் விடாமல் காரணமே இல்லாமல் சண்டை போட்டவர்கள் ஆயிற்றே! இப்போது பாரேன், இரண்டு பூவை இணைத்துக் கட்டிய மாலைபோல் போகிறார்கள். விதியே, நீ ரொம்ப நல்லவள் என்று அந்த வழிப்போக்கர்கள் வியந்து நிற்கிறார்கள்.

பிரின்ஸ் எட்வர்ட் தீவில் சிவப்புச் சடையின் நுனியைப் பிடித்த அந்தக் கை, இங்கே ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கூந்தலைப் பிடித்திருக்கிறது. பிடித்தவனும் பிடிபட்டவளும் வெயிலில் நடந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.